தண்ணீர் லாரி ஹோஸுக்கு எந்தக் கப்ளிங்? கழற்றும் நேரத்தை வைத்து ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் தண்ணீர் லாரி வைத்திருப்பவர்களும், பழைய பெரிய வீடுகளை விடுதியாக நடத்துபவர்களும் லேத் பட்டறைக்கு வந்து கேட்பது ஒரே கேள்விதான்: ரெண்டு இஞ்ச் ஹோஸை ஒவ்வொரு தடவையும் மரையில் முறுக்கி மாளவில்லை, சட்டென்று மாட்டிக் கழற்ற எதைப் போடலாம்? ஹோஸை இணைக்கும் இந்தக் கப்ளிங் கடையில் நான்கைந்து வகை இருக்கிறது. காட்டும்போது எல்லாமே அருமையாக மாட்டும். ஆனால் அங்கே மேசை மேல் இருப்பது காய்ந்த, சுத்தமான, உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லாத கப்ளிங். அதை 'டக்' என்று மாட்டிப் பார்த்து வாங்கினால் தவறான சாமான் வீடு வந்து சேரத்தான் வாய்ப்பு அதிகம்.

கப்ளிங்கின் தரம் தெரிவது கழற்றும்போது. ஹோஸுக்குள் தண்ணீர் நிற்கும், அழுத்தம் மிச்சமிருக்கும், கை ஈரமாக இருக்கும், கீழே செம்மண் கிடக்கும். ஒரு லாரி ஓட்டுநர் இதை நன்றாகச் சொன்னார்: "அண்ணே, மாட்டுறத யாரு வேணாலும் மாட்டிருவாங்க. கழட்டுறப்பதான் சட்டையெல்லாம் நனையுது, விரலும் சிக்குது." ஒப்பீட்டை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. கப்ளிங்கைப் புதிதாக வடிவமைப்பவருக்கும் இதே வரிசைதான்: முதலில் கழற்றும் நேரம், அப்புறம் மாட்டும் நேரம், அதற்கும் அப்புறம் விலை.

நம் ஊர் வீட்டையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். செட்டிநாட்டுப் பெரிய வீடு பலவும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, பட்டாலை, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போகும். லாரி முன்தெருவில் நின்று, தொட்டி பின்கட்டில் இருந்தால் மூன்று, நான்கு ஹோஸைச் சேர்த்து வீட்டுக்குள்ளேயே இழுக்க வேண்டும். கல்யாணத்துக்காகவோ, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காகவோ பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்திருப்பார்கள். ஒரே நாளில் இரண்டு லோடு, மூன்று லோடு. 50 மி.மீ. உள்விட்டமுள்ள 20 மீட்டர் ஹோஸ் ஒன்றுக்குள் சுமார் 39 லிட்டர் தண்ணீர் இருக்கும். மூன்று ஹோஸ் என்றால் கிட்டத்தட்ட 118 லிட்டர். பம்பை நிறுத்திவிட்டு நடு இணைப்பைக் கழற்றினால் அதில் பெரும்பங்கு வளவில் கொட்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. தொட்டி மாடிக்கு மேல், தரையிலிருந்து 12 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பு நின்ற பிறகும், தொட்டிக்கு ஏறும் ஹோஸில் நிற்கும் தண்ணீர் கீழே உள்ள கப்ளிங்கை 1.2 பார் அழுத்தத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். வாஷரின் விட்டம் 60 மி.மீ. என்றால் பரப்பு 2,827 சதுர மி.மீ.; இரண்டு பாதியையும் பிரிக்கும் விசை சுமார் 340 நியூட்டன், அதாவது 35 கிலோ எடைக்குச் சமம். பம்பு ஓடும்போது 3 பார் என்றால் 86 கிலோ. "பம்பைத்தான் நிறுத்திட்டோமே" என்று கப்ளிங்கைத் திறப்பவர் மேல் 35 கிலோ உதை விழுவது இதனால்தான். இப்போது ஒவ்வொரு வகையாக இந்தக் கணக்குக்குள் வைத்துப் பார்க்கலாம்.

மரை யூனியன், அதாவது இரண்டு முனையையும் மரையில் முறுக்கிச் சேர்க்கும் இணைப்பு, மெதுவானது, ஆனால் கழற்றும்போது பத்திரமானது. முதல் இரண்டு சுற்றிலேயே வாஷர் தளர்ந்து தண்ணீர் கசியும், அழுத்தம் இறங்கும், மரை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். வேறு எந்த வகையிலும் இவ்வளவு இயல்பான எச்சரிக்கை கிடையாது. செம்மண்ணும் சரளைத் தூளும் மரையில் ஏறினால்தான் தொல்லை. பித்தளை மரை தேய்ந்து, குறுக்கு மரை விழுந்துவிடும். வருஷத்துக்குச் சில தடவை மட்டும் கழற்றும் இடத்தில் யூனியனையே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேக இணைப்பு வீண் செலவு.

கடலைக் கொல்லையில் தெளிப்பு நீருக்குப் போடும் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாயின் கொக்கி இணைப்பைச் சிலர் லாரி ஹோஸிலும் மாட்டிவைக்கிறார்கள். மலிவு, எடை குறைவு, ஒரு கொக்கியைத் தட்டினால் கழன்றுவிடும். அதன் ரப்பர் வளையம் உதடு போல வளைந்தது. உள்ளே அழுத்தம் ஏற ஏற அந்த உதடு விரிந்து சுவரோடு ஒட்டி அடைக்கும். அழுத்தம் போனதும் உதடு தளர்ந்து தண்ணீர் வடியும். வயலில் அது நல்ல குணம், குழாய் தானே காலியாகித் தூக்க லேசாகிவிடும். வீட்டுக்குள் அது கெட்ட குணம், பம்பு நின்ற நொடியில் ஒவ்வொரு இணைப்பும் அழத் தொடங்கும். கண்மாயிலிருந்தோ கிணற்றிலிருந்தோ உறிஞ்சும் பக்கத்தில் இதைப் போடவே கூடாது. வெற்றிடம் உதட்டை உள்பக்கமாக இழுத்துவிடும், காற்று புகும், பம்பு தண்ணீர் பிடிக்காது. பம்பு சரியில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் பல வீடுகளில் உண்மையான குற்றவாளி இந்த வளையம்தான்.

கேம்லாக்கில்தான் நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் லாரிக்கு என் சிபாரிசு அதுவே. வெளிப்பக்கம் வட்டமாகக் காடி வெட்டிய ஓர் ஆண் துண்டு. அதன் மேல் உட்காரும் பெண் துண்டில் இரண்டு காது. காதை மடக்கினால் அதன் அடியிலுள்ள மையம் தப்பிய வளைவு காடியைப் பிடித்து இழுத்து, ஆண் துண்டின் முகத்தைத் தட்டையான வாஷரில் அழுத்தும். வாஷர் நேரடியாக நசுங்குவதால் அழுத்தத்துக்கும் தாங்கும், உறிஞ்சலுக்கும் தாங்கும். ஒரே சாமானை லாரியை நிரப்பும் பக்கமும் இறைக்கும் பக்கமும் போடலாம் என்பது பெரிய வசதி. ரெண்டு இஞ்ச் அலுமினிய வகைக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் வரம்பு 250 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 17 பார். நம் தேவை 3 பாரைத் தாண்டாது.

அளவுகள் அமெரிக்க ராணுவத் தரவரையறையிலிருந்து வந்தவை. ஐரோப்பாவில் அதற்கு ஈ.என். 14420-7 என்ற தரம் இருக்கிறது. அதனால் வேறு வேறு கம்பெனிச் சாமானும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்தும். வகைகளை ஏ முதல் எஃப் வரை எழுத்தால் சொல்வார்கள். லாரித் தொட்டியின் வெளிவாயில் ஆண் துண்டு (ஏ அல்லது எஃப், உங்கள் குழாயில் வெளிமரையா உள்மரையா என்பதைப் பொறுத்து), ஹோஸின் ஒரு முனையில் சி (பெண் துண்டு), மறுமுனையில் ஈ (ஆண் துண்டு). லாரியில் ஆண் துண்டை வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. வேலியில் உரசினாலும் கல் பட்டாலும் உடைய ஒன்றும் கிடையாது. காதும் வாஷரும் ஹோஸோடு போகின்றன, சேதமானால் ஹோஸை மட்டும் மாற்றினால் போதும்.

குறையும் உண்டு. காது மடங்கியிருக்கிறதா இல்லையா என்பது கேம்லாக்குக்கு இரண்டே நிலை, நடுவில் எதுவுமில்லை. யூனியன் கொடுக்கும் எச்சரிக்கை இங்கே கிடைக்காது. அழுத்தம் இருக்கும்போது இரண்டு காதையும் ஒரே நேரத்தில் விரித்தால் ஹோஸ் முனை எகிறும். இதற்குச் செலவு குறைந்த, உறுதியான தீர்வு, கப்ளிங்குக்குப் பக்கத்தில் அரை இஞ்ச் வடிகால் வால்வு. பம்பை நிறுத்து, வடிகாலைத் திற, சீற்றம் அடங்கும் வரை பொறு, அப்புறம் காதில் கை வை. வடிகாலிலிருந்து வரும் தண்ணீரை ஒரு சிறு குழாயில் வாளிக்கோ முற்றத்துச் சாக்கடைக்கோ விடலாம். இந்த வால்வு இல்லாமல் கேம்லாக் மாட்டித் தர நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்த குறை, ஹோஸைத் தரையில் இழுக்கும்போது வாசற்படியில் காது மாட்டித் திறந்துகொள்வது. பூட்டுக் கொண்டி உள்ள காதை வாங்குங்கள், அல்லது காதின் வளையத்தில் ஒரு கிளிப்பைப் போடுங்கள். ஆத்தங்குடித் தளத்தில் உலோகக் காதை இழுத்தால் கோடு விழும். அந்தத் தளத்தை வார்க்கும் கைவேலையின் மதிப்பு தெரிந்தவர்கள் கப்ளிங்கைச் சுற்றிப் பழைய டியூப் ரப்பரைக் கட்டிவிட்டுத்தான் வளவுக்குள் இழுப்பார்கள், இழுக்கவும் வேண்டும்.

ஸ்டோர்ஸ் கப்ளிங்கை நம் பக்கம் பார்த்தவர்கள் குறைவு. 1880-களில் கீடோ ஸ்டோர்ஸ் என்பவர் கண்டுபிடித்தது. ஆண், பெண் என்ற பேதமே கிடையாது, இரண்டு பாதியும் ஒரே வார்ப்பு. எந்த முனையும் எந்த முனையோடும் சேரும். மூன்று கட்டு தாண்டி ஹோஸை விரித்த பிறகு முனை மாறிக்கிடக்கிறது என்று திருப்பிப் போடும் வேலை மிச்சம். வடிவமைப்பாக எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் உதிரி வாஷரே தேடி வாங்க வேண்டிய நிலையில், நாலு லாரி வைத்திருப்பவர் இதில் இறங்குவது சரியாக வராது.

தீயணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் தீயணைப்பு ஹோஸில் இருப்பது ஐ.எஸ். 903 தரப்படி வரும் 63 மி.மீ. இன்ஸ்டன்டேனியஸ் கப்ளிங், உள்ளே தள்ளியதும் பூட்டிக்கொள்ளும் வகை. தேக்கு உத்தரமும் மரக் கதவுமாக நிற்கும் இந்த வீடுகளில் தீ பிடித்தால் தண்ணீர் லாரிதான் பக்கத்தில் இருக்கும் தண்ணீர். கேம்லாக்கிலிருந்து 63 மி.மீ.க்கு மாறும் ஒரு துண்டை ஒவ்வொரு லாரியிலும் போட்டுவைப்பது ஊருக்கே நல்லது. செலவு ஒரு முறைதான்.

இனி, பலரும் ஆசையோடு கேட்கும் பந்துப் பூட்டு வகை. பட்டறைகளில் க்யூ.ஆர்.சி. (க்விக் ரிலீஸ் கப்ளிங்) என்பார்கள். ஸ்பிரிங் வைத்த ஒரு ஸ்லீவ் (வெளி உறை), அதற்குள் சின்ன எஃகு உருண்டைகள், ஆண் முனையில் அவை விழுந்து உட்காரும் காடி. ஸ்லீவைப் பின்னால் இழுத்தால் உருண்டை விலகும், விட்டால் பூட்டும். உள்ளே வால்வு வைத்தால் கழற்றியதும் தானே மூடிக்கொள்ளும், 39 லிட்டர் பிரச்சினை போயே போய்விடும். கேட்க நன்றாக இருக்கிறது. ரெண்டு இஞ்சில் இதைச் செய்தால் எடை ஏறும், விலை பல மடங்காகும். அதைவிட முக்கியம், அந்த வால்வு தண்ணீர்ப் பாதையின் நடுவில் நிற்கிறது. லாரியிலிருந்து பம்பில்லாமல், வெறும் உயர வித்தியாசத்தில் கீழ்த்தொட்டிக்கு விடும்போது கையில் இருப்பது ஒன்றரை மீட்டர் நீரழுத்தம்தான். அதையும் இணைப்புக்கு இணைப்பு வால்வு தின்றால் லோடு இறங்க நேரமாகும். இன்னொன்று மண். ஸ்லீவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் சரளைத் தூள் புகுந்தால் ஸ்லீவ் பாதியிலேயே நிற்கும், உருண்டை முழுதாக இறங்காது, பூட்டியது போலவே தெரியும். இது மிக மோசமான தோல்வி, கண்ணுக்குத் தெரியாத தோல்வி. லாரி ஹோஸுக்கு பந்துப் பூட்டு வேண்டாம்.

காற்று லைனுக்கு அது வேண்டும். டயர் கடை, பெயின்ட் பட்டறை, 7 அல்லது 8 பார், கால் இஞ்ச் அல்லது அரை இஞ்ச் லைன்: அங்கே கழற்றியதும் தானே மூடும் க்யூ.ஆர்.சி.தான் சரி. கல் உடைக்கும் இடத்தில் ஒரு இஞ்ச் கம்ப்ரசர் ஹோஸுக்கு, நகம் போன்ற கொக்கிகள் கோத்துப் பிடிக்கும் நகக் கப்ளிங் போடுகிறார்கள். அதிலும் இரண்டு பாதியும் ஒன்றே, ஒரு இஞ்ச் வரை எல்லா அளவுக்கும் தலை ஒன்றே, அதனால் அளவு மாறினாலும் சேரும். ஆனால் தானாக மூடாது. பாதுகாப்புப் பின்னும், ஹோஸ் எகிறாமல் பிடிக்கும் கம்பிக் கயிறும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. கேம்லாக்கைக் காற்றுக்குப் போடாதீர்கள். நீராவிக்கும் போடாதீர்கள். புதுவயல் அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் நீராவி லைனுக்கு அதற்கென்றே செய்த, உலோக முகம் உலோகத்தில் உட்காரும் யூனியன்தான் பொருத்தம். இதில் பேரமே இல்லை.

டிராக்டர் ஹைட்ராலிக் லைனையும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் கழற்றும் நேரத்துக் கணக்கு தன் கடுமையான முகத்தைக் காட்டுவது அங்கேதான். டிப்பர் ட்ரெய்லரைக் கழற்றி வெயிலில் விட்டால், மறுநாள் கப்ளரைத் திரும்ப மாட்டவே முடியாது. கப்ளர் பழுது என்று நினைத்து மாற்றுவார்கள். பழுது ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் அடைபட்ட எண்ணெய் சூடாகிறது. விரிய இடமில்லாத எண்ணெயில் ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் அழுத்தம் சுமார் 10 பார் ஏறும். ரப்பர் ஹோஸ் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் அந்த அளவுக்கு முழுதாக ஏறாது. ஆனாலும் சித்திரை வெயிலில் 100 பார் நிற்பது பெரிய விஷயமில்லை. 15 மி.மீ. விட்டமுள்ள வால்வு முகத்தில் 100 பார் என்றால் 180 கிலோ. எந்தக் கையாலும் தள்ள முடியாது. சுத்தியலால் வால்வு முனையைத் தட்டி எண்ணெயைப் பீய்ச்ச விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அந்த வேகத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். கழற்றுவதற்கு முன்பே ட்ரெய்லரை முழுதாக இறக்கி, இஞ்சினை நிறுத்தி, லீவரை இரண்டு பக்கமும் அசைத்து அழுத்தத்தை இறக்கிவிட்டால் பிரச்சினையே வராது.

இங்கே தேர்வு இரண்டுக்கு நடுவில். டிராக்டரோடு வரும் வழக்கமான வகை, ஐ.எஸ்.ஓ. 7241 ஏ வரிசை. முனையில் வால்வு துருத்திக்கொண்டிருக்கும், கழற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எண்ணெய் சிந்தும், மாட்டும்போது கொஞ்சம் காற்றும் தூசும் உள்ளே போகும். மற்றது ஐ.எஸ்.ஓ. 16028 சமதள முக வகை. துணியால் ஒரே துடைப்பில் சுத்தமாகும், சிந்துவது ஒரு படலம் அளவுதான். இரண்டும் ஒன்றோடொன்று சேராது. நம் செம்மண்ணுக்கு சமதள முகமே சிறந்தது. ஆனால் இரவல் ட்ரெய்லரும் வாடகை டிராக்டருமாக வேலை நடக்கும் ஊரில் ஒருவர் மட்டும் மாறினால் யாரோடும் சேர முடியாமல் நிற்பார். சொந்த டிராக்டர், சொந்தக் கருவி, வெளியே கொடுப்பதில்லை என்பவர் மாறலாம். மற்றவர்கள் பழைய வகையிலேயே இருந்து, ரப்பர் மூடியை ஒழுங்காகப் போட்டால் போதும்.

உலோகத் தேர்வில் நம் ஊர்க்காரர்கள் ஏமாறக் கூடாது. அரிப்பைப் பற்றி ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், சிக்ரி, நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பர் கொடுத்த நிலத்தில் 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த இடம். அந்தத் துறையின் பாலபாடம் இது: இரண்டு வேறு உலோகம் உப்புள்ள தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அதில் ஒன்று மற்றொன்றுக்காகக் கரையும். அலுமினியக் கேம்லாக்கை பித்தளை வால்வில் நேராக முறுக்கினால் கரைவது அலுமினியம். நல்ல ஊற்றுத் தண்ணீரில் மெதுவாக நடக்கும். கடலோரத் தொண்டிப் பக்கம் உவர்த் தண்ணீர் ஏற்றும் லாரியில் மரை வெள்ளைப் பொடியாகி உதிரும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கொடுங்கள், அல்லது முழுக்கத் துருப்பிடிக்காத எஃகுக்குப் போங்கள். பாலிபுரொப்பிலீன் கேம்லாக் அரிக்காது, விலையும் குறைவு. ஆனால் வெயில் தாங்கும் கருப்பு வகையாகப் பார்த்து வாங்க வேண்டும், லாரிச் சக்கரத்தடியில் போனால் அவ்வளவுதான். வீட்டுக்குள் நிரந்தரமாக இருக்கும் ஹோஸுக்கு அதுவே போதும், தளத்தில் கோடும் விழாது. வாஷர் குடிநீருக்கு ஈ.பி.டி.எம். ரப்பர், குளோரினையும் வெயிலையும் தாங்கும். அதே ரப்பரை டீசல், எண்ணெய் பக்கம் போட்டால் ஊதிப்போகும், அங்கே நைட்ரைல் ரப்பர்.

சொந்தமாகக் கடைந்து விற்க நினைக்கும் பட்டறைக்காரர்களுக்குச் சில விஷயம். கேம்லாக்கின் பெண் துண்டைக் கடைய வேண்டாம், வாங்குங்கள். ஆண் துண்டைக் கடையலாம், ஆனால் காடியின் இடமும் ஆழமும் அளவுமானியில் தேறினால் மட்டும் வெளியே அனுப்புங்கள். அரை மில்லி தவறினாலும் காது லொடலொடவென்று நிற்கும், அல்லது மடங்கவே மடங்காது. சின்ன அளவில் பந்துப் பூட்டு செய்தால், கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பெண் துண்டுக்குள் வையுங்கள். ஆண் முனைதான் மண்ணில் விழும், அதில் ரப்பர் இருக்கக் கூடாது. உருண்டைத் துளையின் விளிம்பைத் தாண்டி ஓ-ரிங் உரசும்படி அமைத்தால் பத்து தடவையில் வெட்டுப்படும். 3.53 மி.மீ. ஓ-ரிங் என்றால், அசையாத இடத்தில் 2.8 மி.மீ. ஆழக் காடி சுமார் 20 சதவீத நசுக்கல் தரும். சறுக்கி உள்ளே நுழையும் இடத்தில் 3 மி.மீ. ஆழம், 15 சதவீதம். அதற்கு மேல் நசுக்கினால் மாட்டக் கை வலிக்கும், ரப்பர் சுருண்டுகொள்ளும். ரப்பர் நசுங்குமே தவிரக் கன அளவில் குறையாது, அதனால் காடியில் அது பரவக் கொஞ்சம் காலி இடமும் விட வேண்டும். ஆண் முனையில் 15 முதல் 20 டிகிரி சரிவு, முனை மழுங்கலாக. உருண்டை உட்காரும் காடி பித்தளையாக இருந்தால் பம்பின் துடிப்பில் குழி விழும், அங்கே கடினப்படுத்திய எஃகு வேண்டும்.

ஆக, லாரிக்கு நான் எழுதிக் கொடுக்கும் சீட்டு இது. ரெண்டு இஞ்ச் கேம்லாக், தொட்டியில் ஆண் துண்டு, சங்கிலியில் தொங்கும் மூடி, ஹோஸில் பூட்டுக் கொண்டி உள்ள பெண் துண்டு, மறுமுனைக்கு அடைப்பான், ஈ.பி.டி.எம். வாஷர், உதிரி நான்கு, அரை இஞ்ச் வடிகால் வால்வு, 63 மி.மீ. தீயணைப்பு மாற்றுத் துண்டு ஒன்று. மூடியையும் அடைப்பானையும் செலவு என்று வெட்டாதீர்கள்: தெருவில் கிடந்த ஹோஸ் முனைதான் அடுத்த வீட்டுக் குடிநீர்த் தொட்டிக்குள் போகிறது. விடுதி நடத்துபவர்கள் பின்கட்டுத் தொட்டியிலிருந்து முன்வாசல் வரை நிரந்தரக் குழாய் ஒன்றைப் பதித்து, வாசலில் கேம்லாக் ஆண் துண்டும் பக்கத்தில் திரும்பி வராத வால்வும் வைத்துவிட்டால், ஹோஸ் வளவுக்குள் நுழையவே வேண்டியதில்லை. மரை யூனியனோடு வரும் வேறு லாரிக்காக ஒரு மாற்றுத் துண்டை வாசல் அறையில் தொங்கவிடுங்கள்.